மீசை வைத்த அம்மாவும் பால்வாடி ஆயாவும்

ஆசிரியர் வேலைக்குப் படிக்கிற யாருக்காவது புத்தகம் பரிசளிக்க நினைத்தால், தமிழில் இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வந்துவிடும். ஒன்று ஜிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. இன்னொன்று டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. இரண்டுமே நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்தவை. புத்தகக் கண்காட்சியில் கையில் இருக்கிற சில்லறைக்கே வாங்கிவிடக்கூடிய விலையில் கிடைத்தவை. ஒரு தலைமுறை ஆசிரியர்களின் மனதை மாற்றியவை என்றும் சொல்லலாம். நானே இரண்டையும் சிலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இனிமேலும் கொடுப்பேன்.

அதனால் இந்தக் கட்டுரை அவற்றைக் கீழே இறக்குவதற்காக இல்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளோடு வேலை செய்வதையே தன் தொழிலாக எடுத்துக்கொள்ளப்போகிற ஒருத்திக்கு (ஆமாம், பெரும்பாலும் ஒருத்திதான்) இந்தப் புத்தகங்கள் என்ன சொல்கின்றன? எதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன?

*

‘பகல் கனவு’ குஜராத்தியில் 1930களின் தொடக்கத்தில் வெளியானது. கதை எளிமையானது. லட்சுமிராம் என்பவர் கல்வி அதிகாரியைப் போய்ப் பார்த்து, சோதனை செய்து பார்க்க ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்கிறார். அதிகாரி முதலில் தயங்கி, பிறகு நான்காம் வகுப்பைக் கொடுக்கிறார். ஒரு வருடம் கெடு. முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஏதோ திட்டத்தோடு போகிறார், வகுப்பு கூச்சலில் மிதக்கிறது. அடுத்து கதை சொல்ல ஆரம்பிக்கிறார், வகுப்பு அவர் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் விளையாட்டு, நாடகம், நூலகம். சக ஆசிரியர்களின் கேலி, பெற்றோரின் சந்தேகம், கடைசியில் வெற்றி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜிஜுபாயின் உண்மையான சாதனைக்களம் நான்காம் வகுப்பு இல்லை. வக்கீலாக இருந்தவர் அவர். தன் மகனை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியோடு மாண்டிசோரியை வாசிக்கப்போய், வக்கீல் தொழிலை விட்டவர். 1916இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் அங்கே பால மந்திர் தொடங்கினார். அது பள்ளிக்குப் போகிற வயதுகூட வராத சின்னக் குழந்தைகளின் இடம். அவருடைய பெயர் நின்றது அங்கேதான். ஆனால் அவர் எழுதியவற்றில் இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்த புத்தகம் நான்காம் வகுப்பைப் பற்றியது.

இது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காம் வகுப்பில் ஒரு கதை இருக்கிறது. தேர்வு இருக்கிறது, எதிரிகள் இருக்கிறார்கள், வருடக் கடைசி இருக்கிறது, ஜெயித்தோமா தோற்றோமா என்று காட்ட ஒரு முடிவு இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைகளின் அறையில் இப்படி ஒன்றும் கிடையாது. அங்கே நடப்பதெல்லாம் திரும்பத் திரும்ப நடப்பவை. செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லித் தருவது, மூத்திரம் போனால் ஜட்டி மாற்றுவது, அழுகிறவனைத் தூக்கிக்கொண்டே அழாதவனுக்குச் சோறு பிசைவது. இதே வேலை நாளைக்கும் உண்டு, நாளன்னைக்கும் உண்டு. இதற்கு உச்சக்கட்டம் எங்கே இருக்கிறது? கல்வியைக் கதையாக எழுத உட்கார்ந்தவர்கள், கதையாக ஆகக்கூடிய பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகாத பகுதி ஏடேறவில்லை.

லட்சுமிராமின் நிலையையும் பாருங்கள். அவர் வேலை தேடி வந்தவர் இல்லை, சோதனை செய்ய வந்தவர். ஒரு வருடம் முடிந்தால் அவருடைய கதை முடிந்துவிடும். பதினைந்தாவது வருடத்திலும் அதே அறையில், அதே பாட்டைப் பாடிக்கொண்டு, முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து எழுகிற ஒருவரைப் பற்றி அந்தப் புத்தகத்தால் யோசிக்க முடியாது. அதன் வடிவத்துக்குள்ளேயே அதற்கு இடமில்லை.

*

குஜராத்தில் ஜிஜுபாய்க்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: ‘மூச்சாளி மா’. மீசை வைத்த அம்மா. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதை மறக்காமல் குறிப்பிடுவார்கள். எனக்கும் பிடித்த பெயர்தான். தாய்மையைப் பெண்ணுடம்பிலிருந்து கழற்றி, கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு குணமாக அது ஆக்குகிறது.

ஆனால் அந்தப் பெயரை இன்னொரு பக்கமிருந்தும் வாசிக்கலாம். மீசை உள்ள ஒருவர் அம்மாவைப் போல நடந்துகொண்டால் அது பட்டம். மீசை இல்லாத ஒருவர் அதையே செய்தால் அதற்குப் பெயரே கிடையாது. ‘அது பொம்பளைங்களுக்கு இயல்பா வர்றதுதானே’ என்று முடித்துவிடுவார்கள். இயல்பாக வருவதற்கு எதற்குப் பயிற்சி, எதற்குச் சம்பளம், எதற்குப் பதவி உயர்வு? சின்னக் குழந்தைகளின் கல்வி ஒரு தொழிலாக நிமிர முடியாமல் இருப்பதற்கு இந்த ஒரு நினைப்பு போதும். புகழ்மாலை மாதிரி இருக்கும், கழுத்தில் விழுந்தால் சுருக்கு.

நான் இந்தத் துறையில் சில வருடங்கள் வேலை பார்த்தவள். ஒரு பிளே ஸ்கூல் நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “குழந்தைங்கன்னா உங்களுக்குப் பிடிக்குமா?” பிடிக்கும் என்றேன். கிட்டத்தட்ட அதோடு நேர்காணல் முடிந்தது. நான் படித்த டிப்ளமோவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சம்பளத்தைப் பற்றி நான் கேட்டபோது அந்த அம்மாவின் முகம் லேசாகச் சுருங்கியது. குழந்தைகளைப் பிடிக்கும் என்று சொன்னவள் சம்பளத்தைக் கேட்கிறாளே என்று நினைத்திருக்கலாம். பல் டாக்டரிடம் போய் “பல்லுன்னா உங்களுக்குப் பிடிக்குமா” என்று நாம் கேட்பதில்லை.

*

‘டோட்டோ-சான்’ இதில் வேறு மாதிரி. 1981இல் ஜப்பானில் வெளியாகிப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்த நினைவுக்குறிப்பு. ஒரு பள்ளி துரத்திவிட்ட சிறுமியை ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருக்கும் டோமோயே பள்ளி சேர்த்துக்கொள்கிறது. தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி முதல் நாளில் அவள் பேசுவதை நான்கு மணிநேரம் உட்கார்ந்து கேட்கிறார். இந்தக் காட்சியை வாசித்து நெகிழாதவர்கள் குறைவு.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மதியச் சாப்பாடு. சாப்பாட்டு டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று கோபயாஷி பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். சத்துணவு பற்றிய பாடத்தை இவ்வளவு அழகாகச் சுருக்கியவர் வேறு யாருமில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே வருவார். கடல் குறைந்தால் “கடல்” என்பார், மலை குறைந்தால் “மலை” என்பார். அவருக்குப் பின்னால் வெள்ளை ஏப்ரன் கட்டிய அவருடைய மனைவி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கடலையும் மலையையும் இரண்டு கைகளிலும் தாங்கி வருவார். எது குறைகிறதோ அதை எடுத்துப் போடுவார்.

அந்த அம்மாவைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. கோபயாஷியின் கல்விக்கொள்கை, அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த யூரித்மிக்ஸ் பற்றியெல்லாம் பேசுகிறோம். ஆனால் தினமும் காலையில் யாரோ அந்த இரண்டு பாத்திரங்களையும் அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டுமே? மீன் வாங்கியிருக்க வேண்டும், கிழங்கு வேகவைத்திருக்க வேண்டும், ஐம்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ‘கடலும் மலையும்’ என்ற சொற்றொடர் கோபயாஷியுடையது. கடலும் மலையும் அவர் மனைவியுடையவை.

இதைப் புத்தகம் மறைக்கவில்லை என்பதுதான் விசேஷம். டோட்டோ-சான் குழந்தையின் கண்ணால் எழுதப்பட்டது. குழந்தையின் கண் எங்கே போகும்? சாப்பாட்டுக்கும், அதைப் போடுகிற கைக்கும் போகும். லட்சுமிராம் பெரியவர், அவர் கண் முறையைப் பார்க்கிறது, விளைவைப் பார்க்கிறது. குரோயாநாகி தன் ஆசானைப் புகழ எழுதிய புத்தகத்தில், தான் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கரண்டியையும் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குழந்தை சொல்வதாக எழுதியதில் இப்படியும் ஒரு லாபம்.

*

‘கற்பித்தல் வேறு, பராமரிப்பு வேறு. முதலாவது டீச்சர் வேலை, இரண்டாவது ஆயா வேலை’ என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையின் மேல்தான் நம் பிளே ஸ்கூல்கள் நிற்கின்றன. சுடிதாருக்கு மேல் அடையாள அட்டை மாட்டியவர் எழுத்தைக் காட்டுவார், சேலைக்கு மேல் பழைய சட்டை போட்டவர் கழுவிவிடுவார். மேலேயிருந்து பார்த்தால் தர்க்கமாகத் தெரியும். தரையில் உட்கார்ந்து பார்த்தால் அபத்தம்.

மரியா மாண்டிசோரியின் கதைக்கே போவோம். அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லோரென்சோவில் திறக்கப்பட்டது. கல்விப் புரட்சி செய்வதற்காக யாரும் அதைத் திறக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பில் அப்பா அம்மா வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் நாசம் செய்துகொண்டிருந்தார்கள். கட்டட உரிமையாளர்களுக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் தேவைப்பட்டது. அப்பட்டமாகச் சொன்னால் அது ஒரு காப்பகம். முதலில் பொறுப்பில் இருந்தவர் அந்தக் கட்டடத்து வாயிற்காவலரின் மகள், ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத இளம்பெண்.

அங்கே நடந்ததாக மாண்டிசோரி எழுதிய ஒரு சம்பவம் இருக்கிறது. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் எடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல், பிறர் கவனத்தை இழுக்காமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். குழந்தைகள் கொஞ்சமும் சிரிக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் நாடகம் பார்த்தவர்கள் மாதிரி கைதட்டினார்கள். ஏன் என்று அவர் யோசிக்கிறார். மூக்கு விஷயத்தில் அந்தப் பிள்ளைகள் அதுவரை திட்டு மட்டும்தான் வாங்கியிருந்தார்கள். எப்படிச் செய்வது என்று மரியாதையோடு யாரும் காட்டித் தந்ததே இல்லை.

சின்னக் குழந்தைகளின் கல்வியைப் பற்றி நான் படித்ததிலேயே ஆழமான பக்கம் இதுதான். மூக்குத் துடைப்பது பராமரிப்பு. மூக்குத் துடைக்கக் கற்றுத்தருவது கல்வி. இரண்டும் ஒரே கையின் ஒரே அசைவில் நடக்கிறது. மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள்’ என்று இருக்கிற தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது எல்லாமே ஆயாவின் வேலைப்பட்டியலிலிருந்து எடுத்தவை. பல ஆயிரம் ரூபாய் மரச்சாமான்களோடு விற்கிறபோது அது பாடத்திட்டம். எங்கள் ஊர் பால்வாடியில் அலுமினியச் சொம்போடு நடக்கிறபோது அது எடுபிடி.

*

இந்தப் பிரிவினையை ஏற்காத ஒரு மரபு இங்கேயே உண்டு. ஜிஜுபாயின் நிழலில் அது மங்கிப்போயிற்று.

தாராபாய் மோடக் ராஜ்கோட்டில் பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதை விட்டுவிட்டுப் பாவ்நகருக்கு வந்து ஜிஜுபாயோடு சேர்ந்தார். 1926இல் இருவரும் சேர்ந்து நூதன் பால சிக்ஷண சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் அவர் ஒரு சிக்கலை முன்வைத்தார். பால மந்திர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே வருவது யாருடைய பிள்ளைகள்? 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டிக்குப் போனார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குப் போனார். மாண்டிசோரிச் சாதனங்களுக்குப் பதில் கிளிஞ்சல், விதை, இலை, களிமண். முற்றத்துக்கு அங்கே ‘ஆங்கன்’ என்று பெயர். நாம் இன்று அர்த்தம் யோசிக்காமல் சொல்கிற ‘அங்கன்வாடி’ என்ற சொல் அந்த முற்றத்திலிருந்து வந்தது.

தாராபாயோடு போர்டியில் வேலைக்குச் சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் திருமணம், சில மாதங்களிலேயே விதவை. படித்து ஆசிரியையாகி, கிராமத்திலும் புனேயிலும் வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதில் போர்டிக்கு வந்தார். 1950களில் இருவரும் கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி பழங்குடி மக்களிடையே போனார்கள். மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு. தம்பி தங்கையைச் சுமக்கிற பெண்பிள்ளை பள்ளிக்கு வர வேண்டுமானால் அந்தத் தம்பி தங்கைக்கும் இடம் வேண்டும், அதனால் காப்பகமும் பள்ளியும் ஒட்டியே இருந்தன. 1973இல் தாராபாய் இறந்தபிறகும் அனுதாய் 1992இல் தான் இறக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

நாற்பத்தேழு வருடம்! லட்சுமிராமின் ஒரு வருடத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஒன்று கனவு, இன்னொன்று பணிக்காலம். அனுதாய்க்கு 1985இல் பத்மஸ்ரீ கிடைத்தது, தாராபாய்க்கு 1962இலேயே பத்மபூஷண். ஆக, அரசுக்கு அவர்களைத் தெரிந்திருக்கிறது. நம் பரிசுப் புத்தக அடுக்கில்தான் அவர்கள் இல்லை.

*

முற்றத்துச் சொல்லை அரசு எடுத்துக்கொண்டது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் மையங்கள், தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஆள் திரட்டுவது, கர்ப்பிணிகள் பதிவேடு, 2021க்குப் பிறகு போஷண் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, இவற்றுக்கு நடுவே பாட்டும் கதையும். இத்தனையையும் செய்கிறவருக்குத் தருவது சம்பளம் இல்லை, ‘மதிப்பூதியம்’. மத்திய அரசு தன் கணக்கில் தருவது 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று ஆனது. அதற்கு முன் 3,000, 1,500. மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் இருப்பதால் நிலைமை சில மாநிலங்களைவிடத் தேவலாம்.

மதிப்பூதியம் என்பது ஒரு இலக்கிய வாசகர் நின்று பார்க்க வேண்டிய சொல். மதிப்பு இருக்கிறது என்பதால் ஊதியம் குறைவு. ‘தொண்டு’ என்று புகழ்ந்த கையோடு தொழிலாளியின் உரிமைகளை எடுத்துக்கொள்கிற சொல். மீசை வைத்த அம்மாவின் கதையில் நாம் ரசித்த அதே உணர்ச்சி இங்கே நிர்வாக மொழியாக மாறியிருக்கிறது.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைத்தான் பிரித்துப் பார்த்தது. குஜராத்தின் தாஹோத் மாவட்டத்திலிருந்து போன வழக்கு அது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும், மதிப்பூதியம் என்று எழுதியிருந்தாலும் அது ஊதியம்தான் என்று தீர்ப்பு. ஜிஜுபாயின் மாநிலத்திலிருந்து, அவர் பால மந்திர் தொடங்கி நூறு வருடம் கழித்து. ‘பகல் கனவு’க்கு அடுத்த பாகம் என்று ஒன்று இருந்தால் எனக்கு அது இந்தத் தீர்ப்புதான்.

நம் ஊரிலும் ஒரு காட்சி நடந்தது. 2019இல் தமிழ்நாடு அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, அங்கே இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியது. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். இது பதவி இறக்கம் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி தங்களுக்கு இல்லை என்பதும் ஒன்று, அது நியாயமானது. எனக்கு உறுத்தியது முதல் வாதம். அவர்களில் சிலராவது ‘பகல் கனவு’ வாசித்திருப்பார்கள், டோட்டோ-சானுக்காகக் கண்கலங்கியிருப்பார்கள். ஆனாலும் ஐந்தாம் வகுப்பிலிருந்து பால்வாடிக்கு வருவது இறங்குவதாகவே தெரிந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம், பதவி, மரியாதை எல்லாமே குழந்தையின் வயதோடு ஏறுகிற மாதிரிதான் இங்கே ஏணி போட்டிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டமே ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது.

*

மழலையர் கல்விக்குப் படிக்கலாமா என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படிங்க. நல்ல வேலை, கஷ்டமான வேலை. ஒரு அழுகைக்கும் இன்னொரு அழுகைக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வருடம் ஆகும். இருபது பிள்ளைகள் இருக்கிற அறையில் யார் சத்தம் போடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் சத்தமே இல்லாமல் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பழக இன்னும் ஒரு வருடம். இதெல்லாம் கருவிலேயே வருவதில்லை, பக்கத்தில் இருக்கிற மூத்தவரைப் பார்த்துத்தான் வரும். பெரும்பாலும் அந்த மூத்தவர் ஆயாவாகத்தான் இருப்பார். வேலைக்குச் சேருமுன் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை, சம்பளம் எவ்வளவு, ஆயாவுக்கு எவ்வளவு. மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில் முதல் இரண்டையும் விளக்கிவிடும்.

2020 தேசியக் கல்விக்கொள்கை அங்கன்வாடிப் பணியாளர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழும் மற்றவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோவும் வேண்டும் என்கிறது. பயிற்சி நல்லதுதான். ஆனால் பயிற்சி முடித்த அன்றைக்கு அவருடைய ஊதியத்தின் பெயர் மாறுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இலக்கிய வாசகர்களிடம் கேட்க எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. நம் புனைவில் வாத்தியார்கள் நிறைய, நல்லவர்களும் பிரம்பெடுப்பவர்களும். பால்வாடி டீச்சரும் ஆயாவும் வந்தால் ஒரு வரி, ஒரு திருப்பம், அவ்வளவுதான். அவர்களுடைய நாளை அவர்கள் கண்ணால், உச்சக்கட்டம் இல்லாமலே எழுத முடியும் என்று நம்புகிறேன். திரும்பத் திரும்ப நடப்பதை எழுதத் தெரிந்த மொழிதான் இது. வயலையும் தறியையும் அடுப்படியையும் எழுதியிருக்கிறோம். காலை ஒன்பதரைக்குப் பூட்டைத் திறந்து, நேற்றைய சோற்றுப்பருக்கையைக் கூட்டித் தள்ளி, பாய் விரித்து, முதல் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுகிற ஒருவரிடமிருந்து அந்தப் புத்தகம் தொடங்கலாம். அது வந்தால் ‘பகல் கனவு’க்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்தே பரிசளிப்பேன்.